துல்துலியைத் தூங்கவிடாதவள்

வங்காளத்துக் கிருஷ்ணநகரில் மதியச் சோறு இறங்கியதும் கடையைச் சாத்துவார்கள், ஜன்னலைச் சாத்துவார்கள், படுத்துவிடுவார்கள். உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டு, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த நேரத்தில் ஒருத்தி மட்டும் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நடப்பாள். என் பக்கத்து வீட்டு மௌசுமி. பிள்ளையைத் தூங்கவிடாத ராட்சசி என்று தெருவே அவளுக்குப் பட்டம் கட்டியது. நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

கல்யாணத்துக்கு முன் மௌசுமி பெரிய தூங்குமூஞ்சியாம். துர்கா பூஜைக் கொட்டு காதருகே முழங்கினாலும் புரண்டு படுப்பாளாம். துல்துலி பிறந்தாள், தூக்கம் போயிற்று. மூளைத்தண்டில் சில நரம்பணுக்கள் இருக்கின்றன. ரத்தத்தில் கெட்ட காற்று ஏறினால் மூச்சு விடு, மூச்சு விடு என்று உடம்பை விரட்டுவது அவற்றின் வேலை. இந்தப் பிள்ளைக்குப் பிறவியிலேயே அவை சரியில்லை. விழித்திருக்கும்வரை மூச்சு ஓடும், கண் அசந்தால் அடங்கும். கனவு காணும் தூக்கத்தில் கொஞ்சம் பரவாயில்லை. கனவில்லாத ஆழ்ந்த தூக்கம்தான் எமன். அதனால் ராத்திரி முழுக்க முகமூடி, காற்றைத் தள்ளும் இயந்திரம், பக்கத்தில் மௌசுமி. கணவனுக்குச் சூரத்தில் வேலை. இதையெல்லாம் அவள் வாசல் வாசலாகச் சொன்னாள். எல்லாரும் தலையை ஆட்டிவிட்டு, "பாவம், கொஞ்சம் தூங்கட்டுமே" என்றார்கள். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

அவர்களில் முதல் ஆள் கணவனின் அத்தை ரமோலா பிஷி. அவள் மகனுக்குக் கல்யாணம். முந்தின நாள் விருந்து. இலிஷ் மீன், ஆட்டுக்கறி, பாயேஷ் என்கிற பால் பாயசம். மௌசுமி பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தாள். பிஷி துல்துலியை அள்ளிக்கொண்டு போய் உள்ளறையில் படுக்கவைத்துத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

பிள்ளையைத் தேடி வந்த மௌசுமி கதவை இடித்தாள். நானும் கூட நின்றேன்.

"பிஷி, கதவத் திறங்க. அவ தூங்கக் கூடாது."

"தூங்குற புள்ளைய எழுப்புனா பாவம்டி. நாலு வீட்டு ஜனம் வந்திருக்கு, மானத்த வாங்காத. எவ்வளவு நிம்மதியாப் படுத்திருக்கு, ஒரு சத்தம் இல்ல. பெத்தவளா நீ?"

ஒரு சத்தம் இல்லையாம். அதைக் கேட்டதும் மௌசுமி சமையற்கட்டுக்கு ஓடினாள். அம்மிக்குழவியோடு வந்து, கதவை ஒட்டிய ஜன்னலின் பலகைச் சட்டங்களை அடித்து நொறுக்கினாள். உடைந்த சட்டத்துக்குள் கையை விட்டுத் தாழ்ப்பாளை இழுத்தாள். கை கிழிந்து ரத்தம் கொட்டியது.

துல்துலியின் உதடு நாவல்பழ நிறத்தில் இருந்தது. உலுக்கினாலும் எழவில்லை. மௌசுமி தோள்பையிலிருந்து, அமுக்கினால் மூச்சு ஊட்டும் ரப்பர் பையை எடுத்து, அதன் முகமூடியைப் பிள்ளையின் முகத்தில் இரு கையாலும் அழுத்திப் பிடித்தாள். ஆம்புலன்ஸைக் கூப்பிட ஆள் ஓடியது.

"பிஷி, இத அமுக்குங்க."

"எனக்கு இதெல்லாம் தெரியாதும்மா."

"புள்ளையத் தூங்கவைக்கத் தெரிஞ்சுதில்ல? அமுக்குங்க. விட்டா செத்துருவா."

பிஷி அமுக்கினாள். நான் வாங்கிக்கொள்ளப் போனேன். மௌசுமி கண்ணாலேயே தடுத்துவிட்டாள். மெல்ல மெல்ல உதட்டில் சிவப்பு வந்தது, இமை அசைந்தது. பிஷி நிறுத்தாமல் அமுக்கிக்கொண்டிருந்தாள். வியர்வை மூக்கு நுனியில் சொட்டியது.

"எப்பம்மா நிறுத்தலாம்?" என்றாள் ஈனக்குரலில்.

"ஆறு வருஷமா நானும் அதத்தான் கேட்டுட்டிருக்கேன்" என்றாள் மௌசுமி. "அமுக்குங்க."