ரப்பர் பேண்டு போட்ட செருப்பு

நீல வார் வைத்த ஹவாய் செருப்பு. அது கழன்றுவிடாமல் இருக்கப் பாதத்தோடு சேர்த்துப் போட்ட இரண்டு சிவப்பு ரப்பர் பேண்டுகள். திண்டிவனத்தில் ஏழாம் வகுப்புக்குப் பாடம் எடுத்த காலத்தில் அதைப் பார்த்து உள்ளுக்குள் பெருமைப்பட்டவள் நான். என் அதட்டலுக்குக் கிடைத்த பலன் என்று நினைத்தேன்.

அந்தச் செருப்புக்குச் சொந்தக்காரி, பெருமுக்கல்லிலிருந்து பஸ்ஸில் வரும் மாணவி. வீட்டில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, அவித்த அண்டா கவிழ்ந்து, கொதிக்கும் தண்ணீர் அவள் முதுகையும் தோளையும் வேகவைத்துவிட்டது. விழுப்புரத்தில் ஆஸ்பத்திரியில் இரண்டு மாதத்துக்கு மேல் கிடந்து, பிழைத்ததே பெரிது என்று திரும்பி வந்தாள். வந்ததிலிருந்து இடது கால் செருப்பு கழன்று கழன்று விழும். விழுந்தது தெரியாமலே நாலடி போய்விடுவாள். பிரேயருக்குப் போகும்போது பின்னால் வருகிறவர்கள் அதில் தடுக்குவார்கள், வரிசையே சிரிக்கும். எனக்கோ மூக்கு நுனியில் கோபம். ஒருநாள் எல்லோர் முன்னாலும் கேட்டேன்: "முதுகுல பட்டதுக்கு காலு என்னாடி பண்ணும்? நடிக்காத!" மறுநாள் ரப்பர் பேண்டு வந்தது. செருப்பு விழுவது நின்றது.

மூன்று மாதம் கழித்து வகுப்போடு பெருமுக்கல் மலைக்குப் போனோம். எங்க ஊர் மலை என்று முன்னால் ஓடியவள், படியில் கால் இடறி விழுந்தாள். செருப்பைக் கழற்றிப் பார்த்தால், ரப்பர் பேண்டு தோலை அறுத்து உள்ளே இறங்கிச் சீழ் வைத்திருந்தது.

"வலிக்கலயாடி?"

"இல்லீங்க டீச்சர்."



மறுநாள் அவளையும் அவள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு விழுப்புரம் போனேன். நரம்பு டாக்டர் பாதத்தை மேலே தூக்கச் சொன்னார். பாவம், பல்லைக் கடித்துக்கொண்டு முயன்றாள். அது தொங்கியபடியே இருந்தது. உடம்பில் பெரிய அளவில் வெந்த பிள்ளைகள் சிலருக்கு, சூடு படாத இடத்திலும் நரம்பு கெட்டுப்போகும், அசையாமல் படுத்தே கிடந்தால் முழங்கால் பக்கத்தில் நரம்பு நசுங்கவும் செய்யும் என்றார். இன்னும் முன்னாலேயே வந்திருக்கலாம் என்று சொல்லிவிட்டு, பயிற்சிக்கு எழுதிக் கொடுத்தார். "காலு மரத்துக்கினு கீதுன்னு இவ ஒரு வார்த்த சொல்லலீங்களே டீச்சர். சொல்லியிருந்தா ஜல்தியா இட்டாந்திருப்பேனே," என்று அவள் அம்மா அழுதாள். நடிக்காதே என்று நான் அதட்டியதை அவளிடம் மறைத்துவிட்டேன். அந்த வெட்கம் இன்றைக்கும் எனக்கு உண்டு.

பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. போன மாதம் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் அவளே என்னைக் கூப்பிட்டாள். மருந்துக் கடையில் வேலையாம். பட்டி வைத்து இறுக்கிய ஷூ போட்டிருந்தாள். கால் பாதிதான் சரியானதாம்; இடது முழங்காலைக் கொஞ்சம் உயர்த்தித்தான் நடக்கிறாள். பெஞ்சில் உட்கார்ந்ததும், இத்தனை காலம் தொண்டையில் கிடந்ததைக் கேட்டே விட்டேன்.

"ஏம்மா அப்போ யாருகிட்டயும் சொல்லல? என் மேல பயமா?"

அவள் குரலில் குறைபட்டுக்கொள்ளும் தொனி எதுவும் இல்லை.

"பயமில்லீங்க டீச்சர். நீங்க சொன்னதுல, நான் நடிக்கிறேன்னுதான் நானும் நெனச்சிக்கினு இருந்தேன்."