காலருக்குள் சிவப்பு நூல்

என் அண்ணியை அந்த லாண்டரியில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'சிவப்பு நூல்' என்றுதான் கூப்பிடுவார்கள். அங்கே இஸ்திரி போடும் ஒவ்வொருத்திக்கும் ஒரு நிறம். சட்டையைத் தேய்த்து முடித்ததும் காலரின் உள்பக்கம் தன் நிறத்து நூலால் சின்னதாக ஒரு முடிச்சு போட்டுத்தான் அடுக்க வேண்டும். துணி தீய்ந்திருந்தால் யார் கை என்று பார்த்துச் சம்பளத்தில் பிடித்துவிடலாம் அல்லவா? இது முதலாளியின் சொந்தக் கண்டுபிடிப்பு. வடிகட்டின கஞ்சனுக்கு இந்த மாதிரி யோசனைக்கு மட்டும் பஞ்சமே இருக்காது.

ஒருமுறை அவரே, "இப்படி வேகமா தேய்க்கணும்" என்று காட்டுவதற்காக, அண்ணி தேய்த்து முடிச்சுப் போட்டு வைத்திருந்த தன் வெள்ளைச் சட்டையை எடுத்தார். காட்டிய வேகத்தில் சட்டையின் கையைத் தீய்த்துவிட்டார். காலரில் இருந்தது சிவப்பு முடிச்சு. அபராதம் அண்ணிக்கு! இதைக் கேட்டு நான் குதித்தபோது, அண்ணி சோற்றைப் பிசைந்தபடி, "விடுடி" என்றாள்.

அவள் அப்படித்தான், அதிர்ந்து பேச மாட்டாள். அவளுக்கும் சேர்த்து நான் பேசிவிடுவதாக வீட்டில் சொல்வார்கள். பொய்யில்லை. அண்ணன் இறந்துபோன பிறகு அந்த இஸ்திரி மேசையை நம்பித்தான் அவளும் மகளும் இருந்தார்கள்.

அந்தச் சம்பளம்தான் நின்றது. "பார்ட்டி பணம் வரட்டும்", "அடுத்த வாரம் பாக்கலாம்" என்று முதலாளி மாதக்கணக்கில் இழுத்தடித்தார். அந்த நேரம் பார்த்து மகளுக்கு நர்சிங் படிப்பில் இடம் கிடைத்தது. மாதக் கடைசிக்குள் பணம் கட்டாவிட்டால் அந்த இடம் வேறொருத்திக்குப் போய்விடும். அண்ணி பாக்கியைக் கேட்டு நின்றாள். "இஷ்டம்னா இரு, இல்லன்னா நடையக் கட்டு" என்றவர், மறுநாள் அவளை உள்ளேயே விடவில்லை. அன்று அண்ணி குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். எனக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டாள்.

"லேபர் ஆபீஸ்ல எழுதிக் கொடுக்கலாம் அண்ணி."

"வேலைக்குச் சேர்ந்ததுக்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லையேடி. வக்கீலுக்கு வேற எங்க போறது?"

"போய்த்தான் கேப்போமே. கேக்கறதுக்குக் காசா பணமா?"

புகார் கொடுக்கக் காசும் வேண்டாம், வக்கீலும் வேண்டாம் என்று அங்கே போன பிறகுதான் தெரிந்தது. வேலைக்குச் சேர்த்த கடிதம் இல்லாவிட்டாலும், கூட வேலை பார்த்தவர்கள் சாட்சி சொன்னால் போதும் என்றார் அதிகாரியம்மா. நாற்காலி நுனியில் ஒட்டிக்கொண்டிருந்த அண்ணியைப் பார்த்து, "நீங்க உழைச்ச காசும்மா. நல்லா சாஞ்சு உக்காருங்க" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் சாட்சிக்கு யார் வருவார்கள்? மஞ்சள் நூலும் பச்சை நூலும் எங்களைத் தெருவில் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அவங்க வீட்லயும் அடுப்பு எரியணும்ல" என்றாள் அண்ணி. கடைசியில் வெறுங்கையோடுதான் விசாரணைக்குப் போனோம்.

முதலாளி மொடமொடப்பான வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். முழங்கைவரை மடித்துவிட்டிருந்தார். நாக்கூசாமல் சொன்னார்: "இந்தம்மா யாருன்னே தெரியாது மேடம். எங்ககிட்ட வேலையே பாக்கல."

நான் எழுந்தே விட்டேன். அண்ணி என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"மேடம், அவரு போட்டிருக்கிற சட்டையே நான் தேய்ச்சதுதான். காலருக்குள்ள சிவப்பு நூல் இருக்கும், பாருங்க."

அதிகாரியம்மா காலரைத் திருப்பிக் காட்டச் சொன்னார். முதலாளி வேண்டாவெறுப்பாகத் திருப்பினார். இருந்தது, குட்டியாக ஒரு சிவப்பு முடிச்சு.

"சிவப்பு நூலை யாரு வேணா கட்டலாம் மேடம். இதெல்லாம் ஒரு சாட்சியா?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்ததே! அண்ணியோ அவருடைய சட்டைக் கை மடிப்பில் எட்டிப் பார்த்த தீய்ந்த பழுப்புத் தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தேய்ச்சது நான்தான் மேடம். ஆனா அந்தக் கைல தீஞ்சிருக்கே, அது மட்டும் என்னோடது இல்ல."

முதலாளிக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ, மேசையைத் தட்டினார்.

"பொய் சொல்றா மேடம்! சிவப்பு நூல் இவளோடது. இவ தீச்சதுதான். அதுக்குத்தானே இவ சம்பளத்துலயே புடிச்சேன்!"

அதிகாரியம்மா பேனா மூடியைக் கழற்றினார். "இவங்க சம்பளத்துலயா? சரி, எழுதிக்கறேன்" என்றார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்ட மனிதரின் முகத்தை அன்று நான் ஆசைதீரப் பார்த்தேன். எனக்கு வெட்கமே இல்லை.

பாக்கிச் சம்பளம் மொத்தமும் தர வேண்டும், பிடித்த அபராதத்தையும் திருப்பித் தர வேண்டும் என்று உத்தரவானது. படியிறங்கும்போது கேட்டேன்: "வேணும்னேதானே அவரைச் சீண்டினீங்க?"

"இல்லடி," என்றாள் அண்ணி. "நெஜமாவே அது நான் தீச்சது இல்லல்ல?"

பணம் வந்தது. மகளுக்கு இடமும் உறுதியானது. அந்த வாரமே மஞ்சள் நூலும் பச்சை நூலும் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள், எப்படி எழுதிக் கொடுப்பது என்று கேட்டுக்கொண்டு. இரண்டு வார்த்தை நறுக்கென்று கேட்கலாம் என்றுதான் போனேன். அண்ணி என்னை டீ போட அனுப்பிவிட்டு, அவர்களை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

கல்லூரி திறக்கும் நாளன்று மகளின் வெள்ளைச் சீருடையை அண்ணியே தேய்த்துக் கொடுத்தாள். காலரைச் சரிசெய்யப் போன என் விரலில் ஏதோ தட்டுப்பட்டது. திருப்பிப் பார்த்தால் சிவப்பு முடிச்சு.

"இது எதுக்கு அண்ணி? இங்க யாரு ஃபைன் போடப் போறாங்க?"

"இருக்கட்டும்," என்றாள் அண்ணி. "யாரு தேய்ச்சதுன்னு தெரியணும்ல."