வேண்டாமென்று சொன்னவர்

நானும் கணவரும் ஒரே வங்கியில் வேலை செய்தோம். நான் சுன்னாகத்தில், அவர் யாழ்ப்பாண நகரில். முகாமையாளர் பதவிக்கான பரீட்சையையும் ஒன்றாகவே எழுதினோம். நான் தேறினேன். அவருக்கு அந்த முறை சரிவரவில்லை.

எனக்கு வவுனியாக் கிளை என்று கதை அடிபட்டது. மகளுக்கு அப்போது நாலு வயது. அடிக்கடி முட்டு இழுத்து மூச்சுத் திணறும். பண்டத்தரிப்பிலிருந்து அம்மா வந்து நிற்பதென்றும், நான் திங்கள் விடிய பஸ்ஸில் போய் வெள்ளி திரும்புவதென்றும் எல்லாம் ஒழுங்கு செய்தேன். அவரிடம் சொன்னபோது “பாப்பம்” என்றார். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

கடிதம் வரவில்லை. வவுனியாவுக்கு வேறொருவரைப் போட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டுப் பிராந்திய அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். அங்கிருந்த அதிகாரி குழம்பிப்போனார்.

“ஏன் தங்கச்சி, நீங்கள்தானே வேண்டாமெண்டனீங்கள்? உங்கடை அவர் நேரை வந்து சொல்லிப்போட்டுப் போனவர்.”

பின்னேரம் அவர் கிணற்றடியில் மோட்டார் சைக்கிள் கழுவிக்கொண்டு நின்றார். கேட்டேன். அவர் மறுக்கவுமில்லை, கழுவுவதை நிறுத்தவுமில்லை.

“பிள்ளைக்கு ஒண்டு நடந்தால் ஊர் உம்மைத்தான் சொல்லும். உமக்கு அந்தப் பழி வேண்டாமெண்டுதான் சொன்னனான்.”

நான் சத்தம் போடவில்லை. எழுத்தில் முறையிட்டிருக்கலாம், முறையிட்டால் எங்கள் வீட்டுச் சங்கதி வங்கி முழுக்க நாறும் என்று பயந்தேன். அம்மாவும் அவர் சொல்வதில் பிழையில்லை என்றுவிட்டார்.

இரண்டு வருடத்தில் அவரும் தேறினார். திருகோணமலைக்குப் போட்டார்கள். பிள்ளையை யார் பார்ப்பது என்று அவரை ஒருவரும் கேட்கவில்லை. மகளை ஆஸ்பத்திரியில் வைத்திருந்த நாட்களுக்கெல்லாம் நான் லீவு எடுத்தேன். அடுத்த நேர்முகத்தில் என் பணிக் கோவையைப் புரட்டியவர்கள் லீவு கூடிப்போச்சு என்றார்கள். அதற்குப் பிறகு நான் விண்ணப்பிக்கவில்லை. நான் வேலை பழக்கிய பெடியள் இரண்டு பேர் எனக்கே முகாமையாளராக வந்தார்கள்.

போன வருடம் அவர் பிராந்திய முகாமையாளரானார். பாராட்டு விழாவில் என்னை முன்வரிசையில் இருத்தினார்கள். மாலையோடு நின்று பேசினார். “என்ரை மனைவி பிள்ளைக்காகத் தன்ரை பதவியைத் தானாவே விட்டுக்குடுத்தவ. இந்த மாலை அவவுக்குத்தான்.” மண்டபம் கைதட்டியது. பக்கத்திலிருந்த பெண் என் கையைப் பிடித்துக் கண்கலங்கினாள். நானும் சிரித்தேன். கைதட்டினேன் என்றும் நினைக்கிறேன்.

காரில் வரும்போது மகள் பின்னாலிருந்து கேட்டாள். அவள் இப்போது உயர்தரம் படிக்கிறாள்.

“அம்மா, உண்மையா நீங்களாத்தான் வேண்டாமெண்டு சொன்னனீங்களோ?”

அவர் வீதியைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார்.

“ஓம்” என்றேன்.

அவர் செய்ததைக்கூட ஒருநாள் மறப்பேனோ தெரியாது. அந்த ஒரு சொல்லுக்காக என்னை நான் மன்னிக்கப்போவதில்லை.