கடைசியாக ஏறுகிறவர்

என் அக்காவின் கணவர் எந்த அறைக்குள்ளும் முதலில் நுழைய மாட்டார். விசேஷ வீடானாலும் வங்கியானாலும் கதவோரம் ஒதுங்கி நிற்பார். எல்லோரும் உள்ளே போன பிறகு தானும் நுழைந்து, சட்டென்று திரும்பி வாசலைப் பார்த்து நிற்பார்.

“பின்னாடி யாரு துரத்திட்டு வர்றாங்க?” என்று அக்கா கேலி செய்வாள்.

அத்தானுக்கு லிஃப்ட் வேலை. எங்கள் ஊரில் இருந்த பெரிய கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் மீசை அரும்பிய வயதில் சேர்ந்து, மீசை நரைக்கும்வரை அதே லிஃப்டில் நின்றார். கீழ்த்தளத்தில் வெளியே நின்று எல்லோரையும் ஏற்றிவிட்டு, கடைசியாகத் தான் ஏறி, கதவைச் சாத்திப் பொத்தானை அழுத்த வேண்டும். அந்தப் பழக்கம் வீடுவரை வந்துவிட்டது.

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். அக்கா வீட்டு முன்னறையில் தையல் இயந்திரம் போட்டிருக்கிறேன். அலுவலகத்துக்காரர்கள் கால்சட்டை நீளம் குறைக்க வருவார்கள். வாயில் குண்டூசிகளை வைத்துக்கொண்டு அளவெடுப்பேன். அப்படியிருந்தால் யாருடனும் பேச வேண்டியதில்லை.

அக்கா மகளுக்கும் அதே அலுவலகத்தில், நாலாம் மாடிக் கணக்குப் பிரிவில் வேலை கிடைத்தது. தினமும் காலையில் எல்லோர் முன்னாலும் அத்தான் அவளிடம், “எந்த மாடிம்மா?” என்று கேட்பாராம். “நாலுங்க” என்பாளாம் அவளும், முகத்தில் சிரிப்பே இல்லாமல். வீட்டுக்கு வந்து இருவரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

தலைமை அலுவலகம் வேறு நகரத்துக்குப் போகிறது என்பது அத்தானுக்குத்தான் முதலில் தெரிந்தது. யாரும் சொல்லவில்லை. “பெரியவங்க லிஃப்டுக்குள்ள வந்ததும் பேச்சை நிறுத்திடுறாங்க. ஏதோ இருக்கு” என்றார். ஒரு மாதத்தில் அறிவிப்பு வந்தது. கணக்குப் பிரிவு முழுவதும் வரலாம். அங்கே லிஃப்டுக்கு ஆள் தேவையில்லை.

“நான் போறேன்ப்பா” என்றாள் மகள்.

“அவங்க போனா நீயும் பெட்டியத் தூக்கிடுவியா? இந்த ஊர்ல வேற வேலையே இல்லையா?”

“இருக்கு. ஆனா அதையெல்லாம் நான் திரும்ப முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்.”

அதோடு அத்தான் அவளிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். அவளும் வீம்புக்காரி. நடுவில் மாட்டிக்கொண்டது நான்.

“சின்னவளே, சாப்பிட வரச் சொல்லு.”

“சித்தி, பசிக்கலைன்னு சொல்லு.”

“பசிக்காம எப்படி இருக்கும்னு கேளு.”

மூன்று பேரும் ஒரே அறையில்தான் இருப்போம். “இத்தனை வருஷமா வாயத் தொறக்காதவ, இப்ப ரெண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுறா” என்று அக்கா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் ஒரு வார்த்தை பேசாமலேயே இந்தப் பெண் ஊரைவிட்டுப் போய்விடுவாளோ என்று பயந்தேன்.

கிளம்பும் நாளும் வந்தது. காலை ரயில். அவளுடைய பெட்டிகளை அத்தான்தான் தூக்கி வந்தார். பேச்சு மட்டும் இல்லை. கணக்குப் பிரிவே அந்த ரயிலில் போனது. எல்லோரும் அவர் லிஃப்டில் ஏறி இறங்கியவர்கள். கதவருகே ஒருவரையொருவர் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். அத்தான் பெட்டிகளை உள்ளே வைத்துவிட்டு இறங்கி, கதவோரம் ஒதுங்கி, கையை நீட்டினார்.

“பார்த்து, பார்த்து. உள்ள தள்ளி நில்லுங்க. இடம் இருக்கு.”

ஒவ்வொருவராக ஏறினார்கள். அக்கா மகள் எங்களைக் கட்டிக்கொண்டு, அப்பாவை ஒருமுறை பார்த்துவிட்டு ஏறினாள். எல்லோரும் ஏறி முடித்தார்கள். அத்தானும் ஏறினார். திரும்பி எங்களைப் பார்த்து நின்றார். அவருடைய வலது கை பொத்தானைத் தேடிச் சுவரில் போனது.

புது வகை ரயில், தானே மூடும் கதவு. மூடிக்கொண்டது.

கண்ணாடி வழியாக அவர் முகத்தைப் பார்த்தேன். அப்போதும் அவருக்குப் புரியவில்லை. ரயில் நகர்ந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

சற்று நேரத்தில் அக்காவின் போன் அடித்தது. “எங்க போறீங்க நீங்க?” என்று கத்தினாள் அக்கா. பிறகு பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

அடுத்த நிலையம் வெகு தூரம். அத்தான் பிற்பகலில்தான் திரும்பினார். மகளுக்குக் கட்டிக்கொடுத்த சாப்பாட்டு டப்பா அவர் கையில் காலியாக இருந்தது.

“என்ன பேசினீங்க அத்தான்?” என்று கேட்டேன். யாருக்காகவும் இல்லாமல் எனக்காகவே கேட்டேன்.

“எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அவ மட்டும் சிரிக்கல. பக்கத்துல வந்து நின்னு, ‘எந்த மாடிங்க?’ன்னு கேட்டா.”

“நீங்க?”

“நீ போற மாடிதாம்மான்னேன்.” டப்பாவைக் கழுவப் போட்டுவிட்டு முகம் கழுவப் போனார்.

அந்தக் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் இப்போது மேஜை நாற்காலிக் கடை இருக்கிறது. மேல் மாடிகள் காலி. பேருந்து நிறுத்தத்தை இன்னும் தலைமை அலுவலகம் என்றுதான் சொல்கிறார்கள். கால்சட்டைகள் வருவதில்லை, நான் பள்ளிச் சீருடை தைக்கிறேன். அத்தான் ஒரு மருத்துவமனையில் சக்கர நாற்காலி தள்ளுகிறார். மகள் அங்கேயே இருக்கிறாள். திரும்பி வருவதாகச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவும் மகளும் போனில் பேசிக்கொள்கிறார்கள். நடுவில் நான் தேவைப்படுவதில்லை.