பிளாஸ்டிக் என்று சொல்லி வைத்த வளையல்

ஆரணி பஸ் ஸ்டாண்டு பக்கம் இருபத்தாறு வருஷமாக ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கிறேன். ஒருத்தி கையை நீட்டினாலே அளவு ரெண்டு நாலா, ரெண்டு ஆறா என்று சொல்லிவிடுவேன். கண்ணாடியா, மெட்டலா, அரக்கா என்று சத்தத்தை வைத்தே சொல்லுவேன். இப்படிப் பீற்றிக்கொள்கிற நான்தான், தமிழ்ச்செல்வியின் கையில் கிடந்த பச்சை வளையலை முதல் நாள் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, சிங்கப்பூரு வரைக்கும் போயி பிளாஸ்டிக் வளையலா வாங்கினு வந்த?" என்று கேட்டேன். "ஆமாங்க, பத்து வெள்ளி" என்றாள். அந்த ஊரில் டாலரை வெள்ளி என்பார்கள். நானும் நம்பினேன். யானைக்கும் அடி சறுக்கும்.

செல்விக்குப் பெரணமல்லூர் பக்கம் ஒரு கிராமத்துக் காலனி. ஒரு சென்ட் நிலம்கூட இல்லாத குடும்பம். மகன் அன்பரசுக்கு ஏழு வயதாக இருக்கும்போது சிங்கப்பூருக்கு வீட்டு வேலைக்குப் போனாள். ஒரு சீனக் குடும்பத்தில் பதினொரு வருஷம் சமைத்தாள், துவைத்தாள், அவர்கள் பிள்ளைகள் இரண்டை வளர்த்துக் கொடுத்தாள். அவள் அனுப்பிய பணத்தில் புருஷன் தருமன் வீடு கட்டினான், மினி லாரி வாங்கினான், பிறகு லாரியை விற்றான். கெட்டவன் இல்லை, கைராசி இல்லாதவன்.

திரும்பி வந்தபோது தன் வீட்டில் உப்பு டப்பா எங்கே இருக்கிறது என்று அவள் கேட்க வேண்டியிருந்தது. "மொத வாரம் மூணு நாளு சோறு பத்தலக்கா. அவரு பழக்கத்துல ரெண்டு பேருக்கே ஒலை வெச்சிட்டாரு" என்று பின்னால் என்னிடம் சொன்னாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

வீட்டில் விருந்தாளி மாதிரி உட்கார முடியாமல், ஆரணியில் ஒரு பட்டுக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். புடவை மடிப்பது, முந்தானைக்குக் குஞ்சம் கட்டுவது. சாயங்காலம் பஸ்ஸுக்கு அரை மணி நேரம் இருக்கும். என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்காருவாள். என் வீட்டுக்காரர் போன பிறகு எனக்கும் பேச ஆள் கிடையாது. எங்கள் தெருவில் எல்லோரும் தறிக்காரக் குடும்பம். "அவளப் போயி கடைக்குள்ள உக்கார வெக்கிறியே" என்று ஒருத்தி சாடையாகச் சொன்னாள். என் கடை, என் ஸ்டூல், உனக்கு எங்கே வலிக்குது என்று கேட்டுவிட்டேன். அதற்குப் பிறகு அந்தம்மா என்னிடம் பொட்டு வாங்குவதில்லை. போகட்டும்.

உண்மை எனக்குத் தெரிய இரண்டு வருஷம் ஆனது. ஒரு நாள் ஒரு பெண் ஆன்லைனில் தொள்ளாயிரம் ரூபாய்க்கு வாங்கிய பச்சை மணி பிரேஸ்லெட்டைக் கொண்டுவந்து, "ஒரிஜினல் ஜேடுன்னு போட்டிருந்தான், பாருங்க" என்று என்னிடம் நீட்டினாள். நான் எதைக் கண்டேன், அழகாயிருக்கிறது என்றேன். செல்வி அதை வாங்கினாள். கடை வாசலுக்குப் போய் வெயிலில் பிடித்தாள். பிறகு போனில் டார்ச் போட்டு ஒவ்வொரு மணிக்கும் கீழே வைத்துப் பார்த்தாள். "நல்லாக்குதுங்க, போட்டுக்கோங்க" என்று திருப்பிக் கொடுத்தாள். அந்தப் பெண் படி இறங்கியதும் என்னிடம், "சாயம்க்கா. வெடிப்பு வெடிப்பா பச்ச ஓடியிருக்குது. நெஜக் கல்லுன்னா நெறம் ஒரு எடத்துல தேங்காது" என்றாள்.

"பத்து வெள்ளிக்கு பிளாஸ்டிக் வாங்கினவளுக்கு இது எப்பிடித் தெரியும்?" என்று கேட்டேன்.

வாசலில் யாரும் இல்லையே என்று எட்டிப் பார்த்தாள். பிறகு கையை என் முன்னால் வைத்து, "தொட்டுப் பாருக்கா" என்றாள். சித்திரை வெயில், ஃபேன் காற்றே அனலாக வந்துகொண்டிருந்தது. வளையலின் வெளிப்பக்கம் மண்பானை மாதிரி சில்லென்று இருந்தது. என்ன கனம். இத்தனை வருஷம் வளையல் விற்ற என் பீற்றல் அன்றைக்கு இறங்கியது.

சிங்கப்பூரில் அவளுக்கு மாதத்தில் இரண்டு ஞாயிறு லீவு. மற்ற பெண்கள் கூட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள், ஊருக்குப் போன் பேசுவார்கள். இவள் போன் போட்டால் தருமன் நாலு வார்த்தையில் வைத்துவிடுவான், பையன் விளையாடப் போயிருப்பான். பேச ஆளில்லாமல் தமிழ்க் கூட்டத்துக்குள் உட்கார்ந்திருப்பதைவிட, தமிழே தெரியாத இடத்தில் நடப்பது மேல் என்று சைனா டவுன் பக்கம் போவாள். அங்கே, சீனர்கள் தங்கம் மாதிரி மதிக்கிற அந்தப் பச்சைக் கல்லுக்கென்றே ஒரு ஜேட் கடை. ஏசிக்காக உள்ளே நின்றாள். கடைக்காரன் அவளை விரட்டவுமில்லை, அவளோடு பேசவுமில்லை. வாங்க வருகிறவர்களிடம் அவன் இங்கிலீஷில் சொல்லுவதைக் கேட்டுக்கேட்டே பழகிக்கொண்டாள். ஆறு வருஷம் இப்படி நின்றிருக்கிறாள்.

"மூணு தினுசுக்கா. 'ஏ'ன்னா பூமியில வந்தாப்புலயே, மெழுகு மட்டும் தேச்சது. 'பி'ன்னா ஆசிட்ல ஊற வெச்சி, உள்ள பிசின் ஏத்தினது. அது இன்னிக்கு பளபளன்னு இருக்கும், வருஷம் போனா மஞ்சப் பூத்துரும். 'சி' சாயம். நூல்ல கட்டித் தொங்கவுட்டு தட்டினா, நல்ல கல்லு கணீர்னு நீளமா பேசும். பிசின் ஏத்தினது டொக்குன்னு நின்னுரும். நகத்தால சுத்தி வருடிப் பாக்கணும், எங்கனா தட்டுப்பட்டா விரிசல். கடை லைட்டுல மட்டும் பாத்து வாங்கவே கூடாது."

"பட்டுப்பொடவைய தெருவுக்கு எடுத்துனு வந்து பாக்கறாப்புல."

"அதேதான். அந்த ஆளு கடையில நானுந்தான் வாசலுக்கு எடுத்துனு போயி பாத்தேன்."

லீவு நாளில் வேலை செய்தால் தனியாகக் கொடுக்கும் காசு, சீனப் புத்தாண்டுக்குக் கொடுக்கும் சிவப்புக் கவர் காசு, இரண்டையும் ஆறு வருஷம் சேர்த்து அந்த வளையலை வாங்கியிருக்கிறாள். நம் கணக்கில் ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம். லேப் கொடுத்த 'ஏ' சர்டிபிகேட்டோடு வாங்கினாள். கடைக்காரன் சோப்பு நுரை போட்டுக் கையில் ஏற்றிவிட்டானாம். பதினொரு வருஷத்தில் தனக்கென்று அவள் வாங்கிய ஒரே பொருள்.

"பேப்பர் எங்கடி?"

"பிளேன் ஏறச்சொல்லவே கிழிச்சிப் போட்டுட்டேன். வீட்டுல யாரு கைலயாவது கெடச்சா?"

அவள் வளையல் வாங்கியது ஜூன் மாதம். அடுத்த மாதம் அன்பரசுக்குக் கவுன்சிலிங்கில் இஞ்சினியரிங் சீட் கிடைத்தது. எண்பதாயிரம் குறைகிறது என்று போன் வந்தது. இல்லை என்று சொன்னாள். அவள் பெட்டியில் நிஜமாகவே இல்லை, கையில்தான் இருந்தது. "கடைப்படி வரிக்கும் போனேன்க்கா, திருப்பிக் குடுத்துரலாம்னு. வாங்கின வெலைக்கு எவனும் எடுக்கமாட்டான், பாதிதான் குடுப்பான், அதனாலதான் திரும்பிட்டேன்னு எனக்கு நானே சொல்லிக்கினேன். பொய்யிக்கா. எனக்குக் குடுக்க மனசு வரல." பையன் ஐடிஐ படித்து, ஒரகடத்தில் ஒரு கம்பெனிக்குப் போனான். அவன் ஒரு நாளும் அதைப் பற்றி இவளைக் கேட்டதில்லை. அதனால்தான் அந்த நிஜக் கல்லைப் பிளாஸ்டிக் என்று சொல்லியே போட்டுக்கொண்டிருந்தாள். அதன் அழகைப் பற்றி ஒருவரிடமும் ஒரு வார்த்தை பேச முடியாமல்.

"யாருகிட்டயும் சொல்லாதக்கா. அவனுக்குத் தெரிஞ்சா நான் செத்தேன்."

"எனக்கு வேற வேலையில்ல பாரு" என்றேன்.

போன தை மாதம் தருமன் மாரடைப்பில் இறந்துபோனான். எங்கள் தெருவிலிருந்து அந்தச் சாவுக்குப் போனவள் நான் ஒருத்திதான். பதினாறாம் நாள் காரியத்தன்று காலையில் செல்வியின் நாத்தனார் ராஜம்மாள் போன் செய்தாள். "கடைக்காரம்மா, இவ வளையலு கழல மாட்டுது. நீதான் சோப்பு போட்டு எடுக்கற ஆளாச்சே, ஜல்தி வாம்மா."

ஸ்டாப்பிலிருந்து என்னை பைக்கில் கூட்டிப் போனவன் அன்பரசுதான். அமைதியான பிள்ளை. "அம்மாவ ஒரகடத்துக்கே கூட்டினு போலாம்னு இருக்கங்க. ரூம் பாத்துட்டேன். சின்ன வயசுல கூட இல்ல, இனிமேலாவது ஒண்ணா இருக்கலாம்ல" என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவள் பட்டதற்கெல்லாம் சாமி இப்போதாவது கண்ணைத் திறந்ததே என்று நினைத்தேன்.

செல்வி பந்தலுக்குள் பாயில் உட்கார்ந்திருந்தாள். தாலியை எடுத்திருந்தார்கள், கண்ணாடி வளையலை உடைத்திருந்தார்கள். சுமங்கலிகள் எட்டிப்போய் நிற்க வேண்டுமாம். எனக்கு அந்தத் தொல்லை இல்லை, என் வளையலை உடைத்து பத்து வருஷமாகிறது. சோப்பு போட்டேன், எண்ணெய் போட்டேன், பிளாஸ்டிக் கவரைக் கையில் மாட்டி அதன் மேல் இழுத்துப் பார்த்தேன். எட்டு வருஷத்தில் கை தடித்துவிட்டது. கட்டைவிரல் மூட்டுத் தோல் சிவந்ததுதான் மிச்சம்.

"பிளாஸ்டிக்குதான, அறுத்துருங்க" என்றாள் ராஜம்மாள். யாரோ ஆக்சா பிளேடு கொண்டுவந்தார்கள். பிளேடு வழுக்கியது. அழுத்தி இழுத்தார்கள். அந்தப் பச்சையில் ஒரு கீறல் விழவில்லை, பிளேடின் பல்தான் மழுங்கியது. அது தான் யாரென்று தானே சொல்லிக்கொண்டிருந்தது. அங்கே அதைக் கேட்கத் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

"கண்ணாடி போலக்குது. கொழவிய எடுங்க, ஒரே போடு" என்றாள் ராஜம்மாள்.

செல்வி தானாகவே கையைத் தரையில் வைத்து, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "அடிங்க அண்ணி" என்றாள். ராஜம்மாள் குழவியை ஓங்கினாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. சைனா டவுனில் ஆறு வருஷம் அவள் நின்ற நிற்பு என் கண்ணுக்குள் வந்தது. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்பது என்னைப் பார்த்துத்தான் சொன்னது. ராஜம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு, "எடுங்க கைய. அது இன்னான்னு தெரியுமா உங்களுக்கு? ஒரிஜினல் ஜேடு. ஒரு லட்சத்துப் பன்னெண்டாயிரம்" என்று கத்திவிட்டேன்.

குழவி கீழே போனது. ராஜம்மாள் ஒரு விரலால் வளையலைத் தொட்டுப் பார்த்தாள். அவ்வளவு நேரம் புருஷனை இழந்தவளைப் பார்த்த கண்கள் எல்லாம் இப்போது அவள் மணிக்கட்டைப் பார்த்தன. தண்ணி கேனைத் தூக்கிக்கொண்டிருந்த அன்பரசு அதை இறக்கி வைத்துவிட்டு வந்தான்.

"எப்பம்மா வாங்கின?"

சீனக்காரி கொடுத்தது என்று சொல்லியிருக்கலாம். வேலையை விட்டு வரும்போது வாங்கினது என்று சொல்லியிருக்கலாம். அவள் அவனை நிமிர்ந்து பார்த்து, "ரெண்டாயிரத்துப் பதினஞ்சு. ஜூன் மாசம்" என்றாள்.

அவன் மறுபடியும் போய் தண்ணி கேனைத் தூக்கினான். பந்தியில் எல்லோருக்கும் தண்ணீர் ஊற்றினான், என் இலைக்கு வந்து "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க" என்றான். திரும்ப என்னை ஸ்டாப்பில் விட்டதும் அவன்தான். நான் இறங்கிய பிறகுதான் சொன்னான். "எனக்கு கவுன்சிலிங் ஜூலைலங்க." அன்று சாயங்காலமே ஒரகடத்துக்குப் போய்விட்டான், தனியாக.

ஒரு மாதம் கழித்து செல்வி கடைக்கு வந்தாள். ஸ்டூலில் உட்காரவில்லை. "ஒரகடம் எப்ப போற?" என்று கேட்டேன்.

"ரூம் சின்னதாம்."

"போன் பண்றானா?"

"ஒண்ணாந்தேதி பணம் போட்டுட்டேன்னு மெசேஜ் வருது."

எனக்குத் தப்பை ஒத்துக்கொள்ள வாய் வரவில்லை. "நான் மட்டும் பேசலன்னா அன்னிக்கு ஒடைச்சிருப்பாங்கடி" என்றேன்.

"ஒடைக்கட்டும்னுதானக்கா கைய வெச்சேன்" என்றாள்.

அவளுக்குக் கோபம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். அவள் குரலில் கோபமே இல்லை. பஸ் வந்தது, போய்விட்டாள். இப்போதெல்லாம் அவள் அடுத்த ஸ்டாப் வரை நடந்துபோய் அங்கேதான் பஸ் ஏறுகிறாள்.