வீடியோவில் இல்லாத கோல்கீப்பர்

உலகக் கோப்பை ஹாக்கிக்கான தகுதிச் சுற்றுப் போட்டிகள் மூன்றில் நாட்டுக்காகப் பங்கேற்ற பெருமை நம்மவருக்கு உண்டு. 'பங்கேற்ற' என்ற சொல்லை யோசித்துத்தான் போட்டிருக்கிறேன். 'ஆடிய' என்று எழுதியிருந்தால் அவருடைய மாமனார் எனக்குப் போன் போட்டு விளக்கம் கேட்பார்.

நம்மவர் அணியின் இரண்டாவது கோல்கீப்பர். ஹாக்கியில் மற்ற ஆட்டக்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. மூச்சு வாங்கினால் வெளியே வரலாம், தண்ணீர் குடிக்கலாம், வேறொருவரை உள்ளே அனுப்பலாம். கோல்கீப்பர் விஷயம் அப்படி இல்லை. முதலாமவர் விழுந்து எழுந்திருக்காமல் கிடந்தால்தான் இரண்டாமவருக்கு வாழ்வு. எங்கள் முதலாமவரோ ஊரே 'சுவர்' என்று கூப்பிடுகிற ஆள். அவர் விழுவார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு உருளுவார். பெஞ்சில் இருக்கும் நம்மவர் உடனே எழுந்து ஹெல்மெட்டைத் தலையில் பாதி மாட்டுவார். சுவர் எழுந்து, காலை இரண்டு உதறு உதறிவிட்டு மறுபடி நிற்பார். நம்மவர் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார். பாதி மாட்டுவதிலும் கழற்றுவதிலும் அவருக்கு இருந்த நயம் உலகத்தில் வேறு எந்தக் கோல்கீப்பருக்கும் வாய்த்திருக்காது.

விளையாட்டு ஒதுக்கீட்டில் குடிநீர் வாரியத்தில் வேலை. புகார்ப் பிரிவு. "தண்ணி வரலைங்க" என்று போன் செய்கிறவர்களிடம் "வரும், காத்திருங்க" என்று அவர் சொல்லும்போது அதில் ஓர் அனுபவ முதிர்ச்சி தெரியும்.

சிக்கல் மாமனாரிடம் இருந்தது. அவர் எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கடைக்காரர் ஒரு கிலோ என்றால் தராசில் வைத்துப் பார்க்காமல் நம்பியதில்லை. கல்யாணப் பேச்சின்போது "மாப்பிள்ளை நாட்டுக்காக கோல் காக்கிறார்" என்று யாரோ சொல்ல, வாழ்க்கையிலேயே முதன்முறையாக நிறுத்துப் பார்க்காமல் சரி என்று சொல்லிவிட்டார். அந்தத் தவறு அவரை அன்றிலிருந்து அரித்துக்கொண்டிருந்தது.

மூன்று தகுதிச் சுற்றுகளும் எங்கோ கடல் கடந்த ஊர்களில் நடந்தன. மாமனார் ஒன்று விடாமல் டிவியில் பார்த்தார். நம்மவர் வீடு திரும்பியதும் விசாரணை நடக்கும்.

"ரெண்டாவது மேட்ச்சுல உங்க முட்டியைப் பார்த்தேன் மாப்பிள்ளை."

"சந்தோஷம் மாமா."

"கடைசி மேட்ச்சுல முகத்தையே காட்டினாங்க. கொட்டாவி விட்டீங்க."

"மூச்சுப் பயிற்சி மாமா."

"அப்பா, சும்மா இருங்க. ஒரு நாள் இறங்குவாரு" என்பாள் மனைவி, உள்ளேயிருந்து.

"இறங்கட்டும். என் கண்ணால பார்க்கணும், அவ்வளவுதான். நான் வேற என்ன கேட்டேன்? கார் கேட்டேனா?"

காரையாவது தவணையில் வாங்கித் தந்திருக்கலாம். நம்மவர் ஆசைப்பட்டதும் இது ஒன்றுக்குத்தான்: ஓய்வு பெறுவதற்குள் ஒரே ஒரு தரம், மாமனார் பார்க்க, கோலுக்கு முன்னால் நிற்க வேண்டும்.

நான்காவது தகுதிச் சுற்று எங்கள் ஊரிலேயே நடந்தது. எட்டு நாடுகள் வந்தன. முதல் மூன்று இடங்களுக்குள் வருகிறவர்களுக்குத்தான் உலகக் கோப்பையில் இடம். எங்கள் அணி வழக்கப்படி அரையிறுதியில் தோற்று, மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் வந்து நின்றது. நம்மவர் மனைவிக்கும் மாமனாருக்கும் பெஞ்சுக்கு நேர் எதிரே டிக்கெட் வாங்கித் தந்தார். மாமனார் பைனாகுலரோடு வந்தார். ஆய்வுக்குப் போகும்போது போடுகிற கோட்டையும் போட்டிருந்தார்.

ஆட்டம் முழுக்க நம்மவர் பெஞ்சில். சுவர் இரண்டு தரம் விழுந்தார், இரண்டு தரமும் எழுந்தார். ஆட்டம் சமனில் முடிந்தது. இனி ஷூட்-அவுட். பக்கத்துக்கு ஐந்து பேர் ஒவ்வொருவராகப் பந்தோடு ஓடி வந்து, எதிரில் நிற்கும் கோல்கீப்பரை ஏமாற்றி, எட்டு விநாடிக்குள் கோல் போட வேண்டும். மணி அடித்துவிட்டால் வாய்ப்பு போச்சு.

அப்போதுதான் எங்கள் அணியின் வீடியோக்காரர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். "கோச் சார், சுவர் எந்தப் பக்கம் விழுவார், எப்ப விழுவார்னு அவங்க கரைச்சுக் குடிச்சிருக்காங்க. பத்து வருஷ வீடியோ வச்சிருக்காங்க."

கோச் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார். "இவனைப் பத்தி?"

"அவங்ககிட்ட ஒண்ணும் இல்ல சார். நம்மகிட்டயே இல்ல."

கோச்சின் முகம் மலர்ந்தது. "வாப்பா, எந்திரி!"

நம்மவர் பழக்கதோஷத்தில் ஹெல்மெட்டைப் பாதி மாட்டி, உட்காரப் போனார்.

"முழுசா மாட்டுடா!"

இப்படியாக, ஆடாததையே தகுதியாகக் கொண்டு நம்மவர் தகுதிச் சுற்றில் இறங்கினார்.

எதிரணிக் கூடாரத்தில் ஒரே பரபரப்பு. ஒளித்து வைத்திருந்த ஆயுதம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். "அவன் முதல்ல அசையட்டும், அப்புறம் அடிங்க" என்று தங்கள் ஆட்களுக்குச் சொல்லி அனுப்பினார்களாம். முதல் இருவர் அவர் அசைந்ததும் அடித்தார்கள், இரண்டும் கோல். மூன்றாமவர் அவசரப்பட்டு வெளியே அடித்தார். நான்காவது பந்துக்கு நம்மவர் வலப்பக்கம் பாய்ந்தார். பந்து இடப்பக்கம் வந்து, பின்தங்கியிருந்த அவருடைய குதிகாலில் பட்டு நின்றது.

எங்கள் ஆட்கள் அதற்குள் மூன்று கோல் போட்டு முடித்திருந்தார்கள். எதிரணியில் பாக்கி ஒருவர். அவர் கோல் போட்டால் மறுபடி சமன், தவறவிட்டால் எங்களுக்கு உலகக் கோப்பையில் இடம்.

அந்த நேரம் பார்த்து நம்மவரின் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. வருஷக்கணக்கில் உட்கார்ந்து பழகிய காலை ஒரே நாளில் நான்கு தரம் ஓடச் சொன்னால் அது மட்டும் என்ன செய்யும்? வலது காலும் நகரவில்லை, இடது காலும் நகரவில்லை. கையை விரித்துக்கொண்டு நட்ட கம்பம் மாதிரி நின்றார்.

விசில் ஒலித்தது. அந்த ஆட்டக்காரர் ஓடி வந்தார். கோல்கீப்பர் பாய்ந்து வருவார் என்று பந்தை இடப்பக்கம் இழுத்தார். நம்மவர் அசையவில்லை. வலப்பக்கம் இழுத்தார். அசையவில்லை. வந்தவர் முகத்தில் பயமே வந்துவிட்டது. ஒரு மனுஷன் இவ்வளவு நிதானமாக நிற்கிறான் என்றால் அதில் ஏதோ இருக்கிறது. அவர் பின்னால் ஓரடி வைத்து யோசிக்கையில் மணி அடித்தது.

அரங்கமே எழுந்து கத்தியது. சக ஆட்டக்காரர்கள் நம்மவரைத் தோளில் தூக்கினார்கள். அவரும் இறங்க மறுத்தார், காலை ஊன்ற முடியாததால். வாசலில் மாமனாரைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது.

"பார்த்தீங்களா மாமா?"

"எல்லாத்தையும் பார்த்தேன். அந்த நேரத்துல எங்க போயிட்டீங்க?"

"மாமா?"

"பெஞ்சையே பார்த்துக்கிட்டிருந்தேன். உங்க இடம் காலி. நாடே ஜெயிக்கப் போற நேரத்துல பாத்ரூமா மாப்பிள்ளை?"

"அப்பா, அந்த கோல்கீப்பர் இவருதான்! எத்தனை தரம் சொல்றது!" என்று மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஹெல்மெட்டுக்குள்ள யாருன்னு யாருக்குத் தெரியும்? நான் முகத்தைப் பார்த்தேனா?"

முதுகில் நம்பர் இருந்தது உண்மைதான். ஆனால் பெஞ்சில் இருப்பவருடைய முதுகு பெஞ்சுக்கு மட்டும்தான் பழக்கம்.

பிறகு வீடியோக்காரரிடம் கெஞ்சி அந்தப் பதிவை வாங்கி வந்தார் நம்மவர். தோளில் இருந்தபடியே அவர் ஹெல்மெட்டைக் கழற்றும் காட்சியும் அதில் இருந்தது. மாமனார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்று தரம் பார்த்தார்.

"நீங்கதான்."

"நான்தான் மாமா."

"அந்தக் கடைசி ஆளுக்கு என்ன பண்ணீங்க?"

"சும்மா நின்னேன் மாமா."

மாமனார் கண்ணாடியைக் கழற்றினார். "பெஞ்சுல பண்ணதையேதான் நின்னுக்கிட்டு பண்ணியிருக்கீங்க" என்றார். இருந்தாலும் அன்றைக்கு இரவு சாப்பாட்டில் முதல் தட்டு மாப்பிள்ளைக்குப் போனது.

உலகக் கோப்பைக்கு அணி அறிவித்தார்கள். நம்மவர் அதில் இல்லை. கோச்சே போன் செய்து வருத்தம் தெரிவித்தார். "என்னப்பா செய்யறது, இப்ப உன்னைப் பத்தி வீடியோ இருக்கே." எங்கிருந்தோ ஒரு புது ஆளைப் பிடித்திருந்தார்கள். அவர் எங்கும் ஆடியதே இல்லை என்பதை நன்றாக விசாரித்துவிட்டுத்தான் எடுத்தார்களாம்.

முதல் ஆட்டத்தன்று வீட்டில் எல்லோரும் டிவி முன்னால். காமிரா பெஞ்சைக் காட்டியதும் மாமனார் முன்னால் குனிந்து தேடினார்.

"உங்களைக் காணோமே மாப்பிள்ளை."

"இங்க இருக்கேன் மாமா, பக்கத்துல."

"அட, ஆமா."

கொஞ்ச நேரத்தில் சுவர் விழுந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு உருண்டார். பெஞ்சில் புது ஆள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாரே தவிர, ஹெல்மெட்டைத் தொடவே இல்லை.

"இவன் என்ன உட்கார்ந்திருக்கான்?" என்று பதறிய மாமனார் மருமகன் தோளைத் தட்டினார். "மாப்பிள்ளை, எந்திரிங்க!"

சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. நம்மவர் ஏற்கெனவே எழுந்து நின்றிருந்தார்.