பட்டாம்பூச்சி ஒட்டிய தையல் மெஷின்

எங்கள் வீட்டில் தையல் மெஷின் இருந்தது ஒரே ஒரு காலைப்பொழுதுதான். அதற்குள் நான் அடித்த கூத்து கொஞ்சமல்ல.

அப்போது நான் இரண்டாம் வகுப்பு. கேளம்பாக்கத்திலிருந்து உள்ளே தள்ளியிருந்த எங்கள் தெருவில் பத்துப் பெண்கள் சேர்ந்து ஒரு லோன் குழு வைத்திருந்தார்கள். சாரத்திலிருந்து விழுந்து கால் முறிந்து கிடந்த அப்பாவின் ஆபரேஷனுக்கு அம்மாவுக்குப் பணம் வேண்டும். வைத்தியத்துக்கென்றால் லோன் கிடையாது, தொழிலுக்குத்தான் என்றார்கள். அதனால் அம்மா தையல் என்று எழுதிக்கொடுத்தாள். உண்மையில் தைக்கத் தெரிந்தவள் குழுத்தலைவி அக்கா ஒருத்திதான். லோன் சார் வீடு பார்க்க வரும் நாளில் அவளுடைய மெஷின் வீடு வீடாகப் போகும். இதை என்னிடம் யாரும் சொல்லவில்லை. என் வாய் அப்படி.

அப்பாவின் தங்கை, அதாவது என் அத்தை, எங்களுக்கு நாலு வீடு தள்ளி இருந்தாள். நிஜமாகவே தொழில் செய்ய நினைத்தவள் அவள்தான். தலையில் அன்னக்கூடை சுமந்து வடை விற்றுக்கொண்டிருந்தவளுக்கு, ஷேர் ஆட்டோ நிற்கும் இடத்தில் ஒரு தள்ளுவண்டி போட ஆசை. வண்டி என்று எழுதினால் நூறு கேள்வி கேட்பார்கள் என்று தலைவி பயமுறுத்தியதால், அவளும் தையல் என்றே எழுதினாள்.

அன்று விடிந்ததும் மெஷின் எங்கள் வீட்டுக்கு வந்தது. சூயிங்கத்தோடு கிடைத்த பட்டாம்பூச்சி ஸ்டிக்கரை அதன் கழுத்தில் ஒட்டினேன். லோன் சார் வந்து, மெஷின் முன்னால் அம்மாவையும் பக்கத்தில் என்னையும் நிற்கவைத்து போனில் படம் பிடித்துக்கொண்டு போனார். நான் குளித்துவிட்டு வந்து பார்த்தால் மெஷினைக் காணோம். அழுதுகொண்டே தெருவில் ஓடினேன். அத்தை வீட்டில் இருந்தது. அத்தை அதன் முன்னால் உட்கார்ந்திருக்க, லோன் சார் எதிரே நின்றார்.

"சார், இது எங்க வூட்டு மெஷின்! பாருங்க, என் பட்டாம்பூச்சி கீது!"

அவர் போனை எடுத்துக் காலையில் பிடித்த படத்தைப் பார்த்தார். மெஷினைப் பார்த்தார். என்னைப் பிடிக்க ஓடிவந்த அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இன்னாம்மா இது? அப்ப ரெண்டு பேருமே டூப்பா?" என்றார்.

அத்தை எழுந்தாள். "இல்ல சார். மெஷினு அண்ணியோடதுதான். அவங்களுக்குத் தெரியாம நான்தான் தூக்கியாந்தேன். அவங்க மேல ஒண்ணும் தப்பில்ல."

அவர் அத்தையின் லோன் ஃபாரத்தில் குறுக்காக ஒரு கோடு போட்டார். எனக்கோ ஜெயித்துவிட்ட சந்தோஷம்.

சாயங்காலம் மெஷின் எங்கள் வீட்டுக்கு வரவில்லை, தலைவி வீட்டுக்குப் போனது. நான் நேரே அத்தையிடம் போனேன்.

"எங்களுதுன்னு நீதான சொன்ன? ஏன் பொய் சொன்ன?"

அத்தை உளுந்து களைந்துகொண்டிருந்தாள். "தெரியாம சொல்ட்டேன் பாப்பா," என்றாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் அம்மாவுக்கு லோன் வந்தது. அப்பா காலில் கம்பி வைத்தார்கள். அத்தை வடைச் சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நாவலூர் ஃபிளாட்டுகளில் தரை துடைக்கப் போனாள். இன்றைக்கும் போகிறாள். அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது.

அன்றோ, தினம் காலையில் அவளை ஏற்றிப்போகும் வேனுக்குப் பின்னால் ஓடி, "பொய்க்காரி அத்தை! பொய்க்காரி அத்தை!" என்று கத்துவேன். தெருப்பிள்ளைகளும் சேர்ந்துகொள்வார்கள். ஒருநாள் என்னை அதட்டி வீட்டுக்குள் இழுத்துப்போக, சுவரைப் பிடித்தபடி அப்பாவே வாசல்வரை நடந்து வந்தார். அவர் நடந்து வந்ததே அந்தப் பொய்யால்தான் என்று எனக்கு அப்போது தெரியாது.